கலாவதி அக்கா மலை ஏறிய கதை

லண்டன் செவன் கிங்ஸ் கலாவதி அக்காவுக்குக் கோபம் வந்தால் சட்டி பானை பேசும். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேல் நின்று உழைத்த மனுசியை, முழங்கால் ஒப்பரேசனைச் சாட்டி வேலையை விடச் சொன்னால் கோபம் வராதா? சொன்னது வேறு யாருமல்ல, கணவர் பாலேந்திராவும் மகள் ஜதுர்ஷிகாவும்தான்.

“காணும், இனி வீட்டில இரும்” என்றார் பாலேந்திரா.

“ஓகஸ்ட்டில தம்பி வீட்டை சுவிஸுக்குப் போறம்தானே. அங்க மலை ஏறிக் காட்டுறன். ஏறினா செப்டம்பரில வேலைக்குப் போவன். ஏறாட்டி நானே விட்டிடுறன்.”

பாலேந்திரா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். மனைவி பாதி வழியில் காலைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார் என்பது அவர் நினைப்பு.

தம்பி நிருஜன் கூட்டிப்போனது மாடு மேய்ப்பவர்களின் பழைய பாதையில். கோடை பிறந்ததும் கீழ் ஊர்க்காரர் மாடுகளோடு இந்த வழியால் ஏறி, மேலே மரக்குடிலில் தங்கிப் பால் கறந்து, சீஸ் செய்து, குளிருக்கு முன் இறங்குவார்களாம். மாடுகள் இப்போதும் ஏறுகின்றன. பழைய குடிலைப் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். கலாவதி அக்கா தடியை ஊன்றி ஊன்றி ஏறினார். வலித்தது, சொல்லவில்லை.

பாதி மலையில் ஒரு பாறையில் இருந்தார்கள். எங்கட ஆக்கள் எங்கே போனாலும் சாப்பாட்டை விடுவார்களா? பாலேந்திரா லண்டன் இல்போர்ட் கடையில் வாங்கிக் கொண்டுவந்த மாங்காயை வெட்டி, உப்புப் பையைப் பிரித்தார். மணிச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் சுற்றிவர மாடுகள்.

“அத்தான், உப்பை மூடுங்கோ! உப்புக் குடுத்துத்தான் இதுகளைக் கூப்பிடுறவை” என்று நிருஜன் கத்துவதற்குள் ஒரு மாடு பாலேந்திராவின் வியர்த்த கழுத்தை நக்கிவிட்டது. மனுசன் “ஐயோ, அம்மாளாச்சி!” என்று வந்த வழியே ஓடி, வேலிப் படலைக்கு அப்பால் போய் நின்றார்.

“நான் வரமாட்டன். திரும்புவம்!”

கலாவதி அக்காவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. “திரும்பினா நான் தோத்ததெண்டு சொல்லுவியள். என்ன விளையாட்டா?” உப்புப் பையை எடுத்துக்கொண்டு புல்லுக்குள் நடந்து, தள்ளியிருந்த பாறையில் கொட்டினார். மாடுகள் அவர் பின்னாலேயே போயின. பாதை வெளித்தது. பாலேந்திராவும் படலையைத் திறந்துகொண்டு பின்னால் வந்தார்.

குடிலுக்குள் பெரிய செப்புக் கிடாரமும் நீண்ட மரத் துடுப்பும் இருந்தன. அக்கா துடுப்பைத் தூக்கிப் பார்த்தார். பிள்ளைகளுக்குக் கஸ்ரட் கிண்டிய கைக்கு அந்தப் பாரம் பழக்கம்தான். சுவரில் ஒரு கிழவியின் படம். கீழே எழுதியிருந்ததை நிருஜன் வாசித்துச் சொன்னான்.

“இவதான் இங்க சீஸ் செய்தவவாம். முழங்கால் ஏலாமப் போக, அடுத்த கோடை கூட்டிக்கொண்டு வரேல்லையாம்.”

“ஆர் மறிச்சது?”

“வீட்டுக்காரர்தான், அக்கா. மாடு ஏறின அண்டைக்கு வாசலில நிண்டு அழுதவவாம்.”

பாலேந்திரா கழுத்தைத் துடைத்தபடி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இறக்கம்தான் ஆளைக் கொன்றது. கார் நிறுத்திய இடத்துக்கு வந்தபோது முழங்கால் வீங்கிக் கிடந்தது. இவ்வளவு ஏறியும் இந்தக் கால் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று அக்காவுக்கு அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து ஜதுர்ஷிகா தகப்பனுக்குப் போன் எடுத்தாள்.

“அப்பா, அம்மா ஏறினவாவோ?”

“ஓம், மேல வரைக்கும்.”

“கால் ஓகேயோ?”

பாலேந்திரா வீக்கத்தைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“கொம்மாவுக்கு ஒண்டுமில்லை, பிள்ளை. செப்டம்பரில வேலைக்குப் போறா. எனக்குத்தான் ஏலாமக் கிடக்கு, மாடு கலைச்சது.”