தனக்கோட்டி அக்கா கேட்ட சாவி

"சித்தி, அம்மா போயிடுச்சி" என்று தனக்கோட்டி அக்காவின் மகள் போனில் சொன்னபோது நான் பிரம்மதேசத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். வந்த பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. அடுத்ததில்தான் மரக்காணம் போய்ச் சேர்ந்தேன்.

அவரோடு உப்பு வாரிய உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் சாவு வீட்டில் சில இளம்பெண்கள் "இவங்க என்னா பண்ணாங்க?" என்று கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

காலனியிலிருந்து போன நாங்கள் அப்போது உப்பளத்தில் தண்ணீர் குடிக்க மாட்டோம். ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளி. ஆபீசுக்குப் பின்னால் கழிப்பறை இருந்தது; எங்களை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். ஒரு கோடையில், கூடையோடு நடந்த வள்ளி மயங்கி வரப்பில் விழுந்தாள். அக்கா அவளை மடியில் கிடத்தித் தண்ணீர் புகட்டினார். அவள் கண் திறந்ததும் எங்களைப் பார்த்து, "கூடைய இறக்குங்கடி" என்றார்.

கழிப்பறையைத் திறந்துவிடச் சொல்லி எல்லோரும் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தோம்.

"நாளைலேர்ந்து ஒருத்தியும் வராதீங்க" என்றார் முதலாளி.

"வானம் கறுத்துக்கினு வருது மொதலாளி. உப்ப நீங்களே வாரிக்குங்க" என்றார் அக்கா.

மழையில் உப்பு கரைந்துவிடும் என்று பயந்து முதலாளி அன்றே கழிப்பறையை விட்டுக்கொடுத்தார். ஆனால் பூட்டுப் போட்டு, சாவியை மேஸ்திரியின் சட்டைப்பையில் வைத்தார். ஒரு ஆணிடம் போய் அதைக் கேட்கக் கூசி, நாங்கள் பழையபடி தாகத்தோடு கிடந்தோம்.

மறுநாள் அக்கா வரப்பில் நின்று கத்தினார்: "மேஸ்திரி! ஒண்ணுக்குப் போவணும், சாவி குடுங்க!" லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆண்கள் சிரித்தார்கள். அக்கா சாவியை வாங்கிப் போய்விட்டுத் திரும்பி வந்து என் கையைப் பிடித்தார். "நமக்கு என்னாடி வெக்கம்? பூட்டனவன் வெக்கப்படட்டும்." எனக்குக் குரல் எழும்பவில்லை. அவரும் சேர்ந்து கத்திய பிறகுதான் எழும்பியது. எனக்குப் பின் வள்ளி, பிறகு ஒவ்வொருத்தியாக. மதியத்துக்குள் மேஸ்திரி, "எம்மா, ஆள விடுங்க!" என்று பூட்டையே கழற்றி எடுத்துப் போய்விட்டார்.

அடுத்த பருவத்தில் அக்காவுக்கு மட்டும் வேலை இல்லை என்றார்கள். நானும் நின்றுவிடுகிறேன் என்று அவர் வீட்டுக்குப் போய் அழுதேன். "நீயும் வந்துட்டா திரும்பப் பூட்டிடுவான். அங்கியே இரு" என்று கண்ணைத் துடைத்து அனுப்பினார். அதன்பின் கடைசிவரை நாற்று நட்டும் களை எடுத்தும்தான் பிழைத்தார். வழியில் பார்த்தால் சௌக்கியம் விசாரிக்க மாட்டார். "தண்ணி குடிக்கிறியா?" என்றுதான் கேட்பார்.

குடிக்கிறேன் அக்கா. உச்சி வெயிலில், அத்தனை பேருக்கும் நடுவில், வயிறு நிறையக் குடிக்கிறேன். யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. உங்களிடமிருந்து எனக்குச் சேர்ந்தது இதுதான்.