முழுக்குக் கட்டி செய்த பூரணம் அக்கா

1976 ஆம் ஆண்டு பெப்ரவரி 12, வியாழக்கிழமை, காலை ஆறு இருபது. தட்டுகளில் தொண்ணூற்றாறு சவர்க்காரக் கட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் அவற்றைப் புரட்டி வைத்துக்கொண்டிருந்தேன். பூரணம் அக்காவின் தமையன் சிவசம்பு அண்ணை கொட்டில் வாசலில் சைக்கிளை விட்டு இறங்கினார். அதை எங்கும் சாத்தவில்லை. பிடித்தபடியே நின்றார்.

“தம்பி, அவ எங்களை விட்டிட்டுப் போட்டா. ஆசுப்பத்திரியிலை, விடியப்புறமா. நெஞ்சு நோ திரும்பவும் வந்ததாம்.”

“ஓம்” என்றேன்.

“எங்கடை வீட்டைதான் கொண்டு வாறம்.”

“ஓம்.”

அவர் போன பிறகு மிச்சத் தட்டுகளையும் புரட்டி முடித்தேன். பாதியில் விட்டால் ஒரு பக்கம் ஈரம் நின்று கட்டி வளைந்துவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

எங்களிடம் முழுக்குக் கட்டி என்கிற தலைச் சவர்க்காரத்தை வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். முப்பத்தொன்றாம் நாளுக்கு வீட்டார் அவர் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். அதில் வெண்பா இருக்கும், வம்சாவளி இருக்கும், குணவதி என்று இருக்கும். சவர்க்காரம் இருக்காது. ஆகவே தனித்தாளில் நான் எழுதுகிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது.

அக்காவை முதலில் கண்டது கூட்டுறவுச் சங்கக்கடையில். வெளிநாட்டுச் சாமான் நின்றுபோயிருந்த காலம். ஷாம்பூப் போத்தல் கண்ணில் படாது. வாசனைச் சவர்க்காரம் வந்த அன்றே முடிந்துவிடும். பெண்கள் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தையே தலைக்கும் போட்டார்கள். தலைமயிர் தும்பாகிக் கொட்டியது. நான் இரசாயனத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம், “உது தலைக்குப் போடுற சாமான் இல்லை. காரம் கூட” என்று சொல்லிவிட்டேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் விற்பனைக்கு நின்ற அக்கா கேட்டார்: “அப்ப எதைப் போடுறதாம்?”

“சீயாக்காய் அவிச்சுப் போடச் சொல்லுங்கோ.”

“விடிய வெள்ளாப்பிலை வெங்காயத் தோட்டத்துக்குப் போறவ எப்ப சீயாக்காய் அவிக்கிறது? நீர் எப்பவாவது அவிச்சிருக்கிறீரோ?”

நான் அவித்ததில்லை.

“கதைக்கிறதை விட்டிட்டு ஒண்டைச் செய்து கொண்டுவாரும், பாப்பம்.”

செய்து கொண்டுபோனேன். தேங்காயெண்ணெய், இலுப்பெண்ணெய், செவ்வரத்தை இலைச் சாறு, அளவான கோஸ்ரிக் சோடா. அந்தக் கட்டி நொறுங்கிப்போனது. மூன்றாவது தரம் நொறுங்கவில்லை. நாலாவது தரம் அக்கா சங்கக்கடை வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். நீர்வேலியில் ஒரு புகையிலைக் கொட்டிலையும் அதோடு ஒட்டிய அறையையும் வாடகைக்கு எடுத்தார். கொட்டில் தொழிலுக்கு, அறை தனக்கு.

அவர் ஏன் அப்படி வந்தார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அவருக்குக் கலியாணம் நடக்கவில்லை. நாற்பது வயதுவரை தமையன் வீட்டில் இருந்தார். தமையன் வீட்டார் கெட்டவர்கள் அல்ல. ஒரு சொல் தடித்துச் சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டில் முதலில் எழும்பி அடுப்பு மூட்டியவரும் கடைசியாகச் சாப்பிட்டவரும் அவர்தான். சங்கக்கடைக்குப் போய் வந்தாலும் அப்படித்தான். கொட்டிலில் முதல் நாள் என்னிடம் சொன்னார்: “இது சரிவராட்டி நான் திரும்பி அண்ணையின்ரை குசினிக்குத்தான் போகவேணும். நான் போகமாட்டன், தம்பி. அதாலை இது சரிவரத்தான் வேணும்.”

எனக்கு அது ஒரு பரிசோதனை. அவருக்கு அது வீடு.

காய்ச்சி அச்சில் ஊற்றிய முதல் ஊற்றுகள் முழுவதும் புகையிலை மணத்தன. “இது தலைக்கோ, வாய்க்கோ?” என்று கடைக்காரர்கள் மணந்து பார்த்துக் கேட்டார்கள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, வேப்பிலை எரித்து, அந்த மணத்தைத் துரத்த ஒரு மாரி போனது.

சோதிப்பதற்குத் தலை வேண்டும். அக்காவுக்கு முழங்கால் வரை மயிர். நடுவகிடு எடுத்து, இடப்பக்கத்தை ஓர் ஊற்றாலும் வலப்பக்கத்தை மற்ற ஊற்றாலும் கழுவுவார். இரண்டையும் தனித்தனியாகப் பின்னிக்கொண்டு அப்படியே சந்தைக்கும் போவார். ஒரு பக்கம் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும். மற்றப் பக்கம் வைக்கோல். சுன்னாகச் சந்தையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த ஒருவர் கண்டுவிட்டார்.

“என்ன பிள்ளை, ஒரு பக்கம் கலியாண வீடு, மற்றப் பக்கம் செத்த வீடோ?”

“ஓம் அண்ணை. நீங்கள் எதுக்கு வாறியள்?”

சந்தை சிரித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அக்காவுக்கு இல்லை. வைக்கோல் பக்கத்தை என் முன்னால் பிடித்து, “இது வேண்டாம்” என்றார். அந்த ஊற்றை உடுப்புத் தோய்க்கக் கொடுத்தோம்.

அவர் எப்போதும் சரியாகத்தான் சொன்னார் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். சீயாக்காயைக் கூட்டிப் போடு என்று ஒற்றைக் காலில் நின்றார். “அது புளிப்பு, சவர்க்காரம் காரம். ஒண்டை ஒண்டு தின்னும்” என்றேன். “நீ உன்ரை படிப்பைப் பெட்டியிலை வை” என்று தானே கொட்டிக் கிளறினார். கஞ்சியாகிவிட்டது. கட்டி வெட்டி உறை சுற்றுகிற மங்கையக்கா அதை எட்டிப் பார்த்து, “உப்புப் போட்டியளோ, குடிப்பம்” என்றார். அக்கா அன்று முழுக்க எங்கள் இருவரோடும் கதைக்கவில்லை.

வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: இதைப் போட்டால் மயிர் வளருமோ? வளரும் என்று உறையில் அடித்தால் இரண்டு மடங்கு போகும் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அக்கா வந்தவர்களுக்கு ஒரே பதில் வைத்திருந்தார்: “வளராது. உள்ளது நிக்கும்.” பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். மிச்சப் பேர் திரும்பத் திரும்ப வந்தார்கள். அந்த மிச்சப் பேர் நீங்கள்.

இனிக் கரவெட்டி. இது அந்த மிச்சப் பேர் சேர முன்னர் நடந்தது. அங்குள்ள மாதர் சங்கத்தார் ஒரு பெட்டி நிறையக் கட்டி எடுத்தார்கள். எங்களுக்கு அதுவரை வந்ததில் பெரிய ஓடர் அதுதான். அது தொடர்ந்திருந்தால் அக்கா வாடகைக்குப் பயப்படத் தேவையில்லை. அடுத்த மாதமே பெட்டி பஸ்ஸில் திரும்பி வந்தது. இறக்கி வைத்த கொண்டக்ரர் செய்தியையும் இறக்கினார்: “தலை ஒட்டுதாம். சைக்கிள் ரியூப் ஒட்டலாமாம்.”

எனக்குக் கோபம் வந்தது. அக்கா அந்தப் பெட்டியிலிருந்தே ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு, “வா, போவம்” என்றார்.

கரவெட்டியில் மாதர் சங்கத் தலைவி நாகேசு அக்காவின் வீட்டுக் கிணற்றடி. பெண்கள் கூடிவிட்டார்கள். அக்கா தன் தலைக்கே அந்தக் கட்டியைப் போட உட்கார்ந்தார். நான் பனையோலை வேலிக்கு வெளியே ஒழுங்கையில் நின்றேன். துலா கிறீச்சிடுகிற சத்தம், தண்ணீர் விழுகிற சத்தம், பிறகு பேச்சு.

“நுரைக்குதோ?” இது அக்கா.

“வடிவாப் பாருங்கோ. நுரையோ, தயிரோ?” இது நாகேசு அக்கா.

இன்னும் இரண்டு வாளி விழுந்தது. பிறகு அக்காவின் குரல்: “சீப்பு இறங்கேல்லை.”

“இறங்காது. எங்களுக்கும் இறங்கேல்லை.”

“பிழை எங்கடைதான், பிள்ளையள். மாத்திக் கொண்டு வாறன். வராட்டித் தேடிவந்து ஏசுங்கோ.”

எனக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கு மேலால் சத்தம் போட்டேன்: “அக்கா, கட்டியிலை ஒரு பிழையும் இல்லை. தண்ணியிலைதான் பிழை!”

“உவர் ஆர், வேலிக்கு அங்காலை நிண்டு எங்கடை தண்ணியைப் பழிக்கிறவர்?” என்றது ஒரு குரல்.

“எங்கடை டிப்ளோமா” என்றார் அக்கா. “மழைத் தண்ணியை மட்டும் கண்டவர்.”

சிரிப்பு ஒழுங்கை முழுக்கக் கேட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. கொட்டிலுக்குக் கிணறு இல்லை. தகரக் கூரையில் விழும் மாரித் தண்ணீரைச் சீமெந்துத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தோம். கட்டி காய்ச்சியதும் அதில்தான், அக்காவின் தலையைச் சோதித்ததும் அதில்தான். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை. எங்கள் குடாநாட்டுக் கிணறுகளோ சுண்ணாம்புக் கல்லை உடைத்து வெட்டியவை. சவர்க்காரமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தலையில் பிசின்தான். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, கிணற்றுத் தண்ணீர் என்று ஒன்று இருப்பதை இருவரும் மறந்துபோனோம்.

திரும்பி வரும்போது வல்லை வெளியில் பஸ்ஸின் யன்னலாலெல்லாம் காற்று அடித்தது. எல்லாருடைய தலையும் பறந்தது. அக்காவின் தலையில் ஒரு மயிர் அசையவில்லை. நான் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தேன்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால், தண்ணீரை வடித்தால். அவர் கேட்டார்: “கிணறு அவையின்ரை. கட்டி எங்கடை. எதை மாத்தலாம், சொல்லு.”

மாற்றினோம். இலுப்பெண்ணெயைக் குறைத்துத் தேங்காயெண்ணெயைக் கூட்டினோம். முழுதாகத் தீராது என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் சொன்னேன். புளிப்பு ஊற்றினால் பிசின் விடும். “கடைசி வாளியில் அரைத் தேசிக்காய் பிழிந்து ஊற்றவும்” என்று உறையில் அடித்தோம். அக்கா பையில் கட்டியும் தேசிக்காயும் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கிணற்றடியில் தலை முழுகினார். சளியும் தடிமனும் பிடித்தது. விடவில்லை. கரவெட்டிக்கு இரண்டாவது பெட்டி போனது. அது திரும்பி வரவில்லை. அந்த மாத வாடகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து, “இனிப் போகத் தேவையில்லை” என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஆனாலும் போனார். வியாழக்கிழமை பின்னேரம் ஆசுப்பத்திரியிலிருந்து கொண்டுவந்து அவரைத் தமையன் வீட்டில்தான் இறக்கினார்கள். குசினிக்குப் பின்னால் உள்ள கிணற்றடியில், குளிப்பாட்டுவதற்குச் சேலையால் மறைப்புக் கட்டினார்கள். ஆண்களோடு நான் வெளியே நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. அழுத சத்தமெல்லாம் தூரத்தில் யாரோ வானொலி போட்டதுபோல் கேட்டது.

கரவெட்டியிலிருந்து பெண்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மறைப்புக்குள் வாக்குவாதம் தொடங்கியது.

“அரப்பு வைச்சு முழுக வாக்கிறதுதான் முறை. செத்தவைக்குச் சவர்க்காரம் போடுறதோ?” இது தமையனின் மனைவி.

“உங்கடை முறையைக் குழப்ப வரேல்லை, தங்கச்சி. அரப்பும் வையுங்கோ. ஆனால் அவ எங்கடை கிணத்தடியிலை வந்து, எங்களுக்கு முன்னாலை தலையைக் குடுத்தவ. இந்தக் கட்டி போடாமல் நான் அவவின்ரை தலையைத் தொடமாட்டன்.” இது நாகேசு அக்கா.

உள்ளே வாளி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு நாகேசு அக்கா கூப்பிட்டார்: “டிப்ளோமாத் தம்பி நிக்கிறீரோ? இந்த வீட்டுத் தண்ணி என்ன மாதிரி?”

“கேத்திலுக்குள்ளை வெள்ளையாப் படியுதோ எண்டு கேளுங்கோ.”

“படியும். சுரண்டித்தான் எடுக்கிறனாங்கள்” என்றார் தமையனின் மனைவி.

“அப்ப அரைத் தேசிக்காய் காணாது. முழுக்காய் பிழியுங்கோ.”

குசினிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தேசிக்காய் எடுத்துவந்தவர் தமையனின் மனைவிதான் என்று மங்கையக்கா பிறகு சொன்னார். தண்ணீர் விழுந்தது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“தம்பி” என்றார் நாகேசு அக்கா உள்ளிருந்து. “சீப்பு இறங்குது.”

“ஓம்” என்றேன்.

அந்த வீட்டுக்கு நான் செய்த உதவி அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு சிவசம்பு அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். அழுது களைத்திருந்தார். “கொட்டில் அறைப் பூட்டின்ரை திறப்பு உம்மட்டைத்தானே? தாரும். அவவின்ரை சாமானை இஞ்சை கொண்டுவருவம். ஒரு பொம்பிளைப்பிள்ளை தனிய இருந்த இடம், இனி எதுக்கு?”

“தரமாட்டன்” என்றேன்.

செத்த வீட்டில் அப்படிக் கதைக்கக் கூடாது என்று பலர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். சரி. கதைத்தாயிற்று.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், ஒரு பழக்கம். எதைச் செய்தாலும் அதை வாங்குகிறவரின் கிணற்றடிக்குப் போய்ப் போட்டுப் பார்ப்பது. சீப்பு இறங்காவிட்டால் இறங்கவில்லை என்று அங்கேயே சொல்வது. கவலை எங்கே என்று தெரியவில்லை. வரும்போது வரட்டும். இனிச் செய்ய வேண்டியவை:

1. தட்டுகளில் உள்ள தொண்ணூற்றாறும் காய்ந்ததும் வழக்கமான இடங்களுக்குப் போகும். உறை மாறாது. “வளரும்” என்று அடிக்கமாட்டேன்.

2. இலுப்பெண்ணெயை இன்னும் கொஞ்சம் குறைத்து ஓர் ஊற்றுக் காய்ச்சுவேன். அது அக்கா கேட்டது. சீயாக்காயைக் கூட்டமாட்டேன். கூட்டு என்று கேட்டதும் அக்காதான்.

3. நான் தலைமயிர் வெட்டுவதை நிறுத்துகிறேன். சோதிக்க ஒரு தலை வேண்டும். அம்மா இப்போதே “ஹிப்பி” என்று ஏசுகிறார்.

4. கல்வெட்டில் “தமையன் இல்லத்தில் வாழ்ந்து” என்று வந்தால், அச்சகத்துக்குப் போய் அதை வெட்டச் சொல்வேன்.

5. அறைத் திறப்பை மங்கையக்காவிடம் கொடுப்பேன். அவரும் இருப்பது ஒரு தமையன் வீட்டுக் குசினியில்தான்.