பஞ்சு மாமாவின் பக்கத்து இருக்கை

மருந்துக்கடைக்காரருக்கு ஊரார் இட்ட பெயர் பஞ்சு. நோயாளிகளுக்காக அவர் செலவிட்ட பஞ்சைவிட, தம்முடைய பழைய காருக்காகச் செலவிட்ட பஞ்சே அதிகம் என்பதுதான் காரணம். வேகம் காட்டும் முள்ளின் கண்ணாடி ஓரத்தைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைப்பார். கதவுக் கீல்களுக்கு ஊசிக் குழலில் எண்ணெய் ஏற்றிச் சொட்டுச் சொட்டாக விடுவார். சக்கரங்களின் வெள்ளை விளிம்புக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ்.

"இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவங்க இருமிக்கிட்டே நிக்கிறாங்க. நீங்க இங்க காருக்கு வைத்தியம் பாருங்க!" என்று கடைக்குள்ளிருந்து மனைவி குரல் கொடுப்பார்.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்பார் பஞ்சு, வரமாட்டார்.

பாலாடை நிறம் கொண்ட அந்தக் கார் அவரைவிட வயதில் மூத்தது. வாரம் ஒருமுறை மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சந்தைவரை போய்வருவார். மற்ற நாள்களில் அது கல்யாணப் பெண்ணைப்போல அலங்காரம் செய்துகொண்டு வீட்டு வாசலில் நிற்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை, பழைய கார்ச் சங்கம் விளையாட்டுத் திடலில் கண்காட்சி நடத்தும். தன் எஞ்சினால் ஓடி வரும் வண்டிக்கு முன்வரிசை. தள்ளிக்கொண்டு வரப்படும் வண்டிக்குக் கழிப்பறைச் சுவரை ஒட்டிய பின்வரிசை. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் தள்ளிக்கொண்டு வந்தால் அந்த வண்டியைச் சங்கத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். சென்ற ஆண்டு, நுழைவாயிலில் வரிசை நகரத் தாமதமாயிற்று. பஞ்சு பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்தார். மனைவி இறங்கித் தம் தம்பியோடு பேசப் போனார். மறுபடி சாவியைத் திருகியபோது வண்டி மூச்சே விடவில்லை. தள்ளித்தான் கொண்டுபோனார்கள். கழிப்பறைக்குக் காத்திருந்தவர்கள் அதன்மேல் சாய்ந்து நின்று தேநீர் குடித்தார்கள். ஒருவர் கோப்பையை எஞ்சின் மூடிமேலேயே வைத்துவிட்டுப் போனார். அந்த வட்டக் கறையைப் போக்கவே பஞ்சுக்கு ஒரு மாதம் பிடித்தது.

போதாக்குறைக்குச் சங்கத்தின் செயலாளர் அவருடைய மைத்துனரே, மனைவியின் அந்தத் தம்பிதான். "எல்லா வண்டியும் கண்காட்சிக்கு வந்துச்சு. மாமா வண்டி மட்டும் ஊர்வலமா வந்துச்சு" என்று அவர் பார்த்தவரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

ஆகவே இந்த ஆண்டு பஞ்சு ஒரு குறையும் வைக்கவில்லை. பெட்ரோல் குழாய்களைக் கழற்றிக் கழுவினார். ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். சந்தைக்குப் போகும்போதெல்லாம் வண்டி முதல் திருகலிலேயே முழங்கியது. இறுதியாக, இருக்கைகளுக்கு வெள்ளை உறை தைத்துப் போட்டார். அங்கேதான் வம்பு முளைத்தது.

"கண்காட்சி முடியுறவரைக்கும் இதுல யாரும் உக்காரக் கூடாது."

"யாரும்னா?"

"நீயும்தான். கசங்கிடும்மா."

"ஓ! இத்தனை வருஷம் கசங்காதது இப்ப என்னால கசங்கிடுமா? நல்லது. நான் தம்பி வண்டியில போய்க்கிறேன். உங்க சீட்டை நீங்களே பாத்துக்கங்க."

கண்காட்சி நாள் காலை, பஞ்சு கோட்டு அணிந்து வந்து சாவியைத் திருகினார். சத்தமே இல்லை. மீண்டும் திருகினார். கல்லைத் திருகியதுபோல் இருந்தது. எஞ்சினைத் தட்டினார், கெஞ்சினார், திட்டினார், திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டார்.

அந்நேரம் மனைவி புறப்பட்டு வந்தார். இருக்கைக்கு எதிரே இருக்கும் சிறு பெட்டிக்குள் மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்க மறுபக்கக் கதவைத் திறந்து, பழக்கதோஷத்தில் உட்கார்ந்தும் விட்டார்.

"ஐயையோ, எழுந்திரு! சீட்டு!" என்று அலறிய பஞ்சுவின் கை, பதற்றத்தில் சாவியையும் திருகிவிட்டது. எஞ்சின் சிங்கம்போல் உறுமியது.

மனைவி எழுந்தார். பஞ்சு அணைத்துவிட்டுச் சோதித்தார்: அமைதி. மனைவி அமர்ந்தார்: உறுமல். மருந்தைப் பரிசோதிப்பவர்போல, இருமல் மருந்துப் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து இருக்கையில் வைத்துப் பார்த்தார். அமைதி.

"இருமல் மருந்துக்கு அது மசியாது" என்றார் மனைவி, வாயெல்லாம் பல்லாக. "சரி, நான் தம்பிக்கு ஃபோன் பண்றேன், வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"இங்க பாரும்மா..."

"கசங்கிடுமே!"

"கசங்கட்டும். வா, உக்காரு."

"துண்டு விரிக்கச் சொல்லக் கூடாது. போற வழியில பிஸ்கட்டும் சாப்பிடுவேன்."

பிஸ்கட் என்ற சொல் கேட்டதும் பஞ்சு வெள்ளை உறையைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்தார். ஆயினும் தலையை ஆட்டினார். வழி நெடுக வெள்ளை உறைமேல் துகள்கள் விழுந்தன. அவர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார்.

வாயிலில் மைத்துனர் நின்றிருந்தார். வண்டி தானாகவே முன்வரிசையில் போய் நின்றதைக் கண்டு அவர் முகத்தில் ஈயாடவில்லை. சற்று நேரத்தில் நடுவர் வந்தார். அவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்.

"அக்கா, இறங்கு. நடுவர் பாக்கும்போது குடும்பத்தார் வண்டியில இருக்கக் கூடாது" என்றார் மைத்துனர்.

பஞ்சு மனைவியைப் பார்த்தார். மனைவி நிதானமாக இறங்கி, "அப்ப செயலாளர் உக்காரலாமே? சத்தம் சரியா இருக்கான்னு நீயே கேட்டுச் சொல்லுடா" என்று தம்பியை உள்ளே தள்ளினார். குற்றம் கண்டுபிடிக்கக் கிடைத்த வாய்ப்பை மைத்துனர் விடவில்லை, பொத்தென்று அமர்ந்தார். எஞ்சின் முழங்கியது. ஒரு குறையும் கிடைக்காத எரிச்சலில் இறங்கிக்கொண்டார்.

"அருமை. அணைச்சிட்டு இன்னொரு தடவை போடுங்க" என்றார் நடுவர்.

அமைதி. பஞ்சு கதவுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"மாப்ள... கொஞ்சம் வந்து உக்காரேன்."

"எதுக்கு மாமா?"

"சும்மாதான். கால் வலிக்கும்ல."

நடுவருக்குப் புரிந்துவிட்டது. இருக்கையைத் தூக்கினார். அடியில் ஒரு பலகை மூடி. மூடிக்குக் கீழே பேட்டரி. அதன் கம்பியைப் பிடிக்கும் கவ்வி தளர்ந்து, தொட்டும் தொடாமலும் கிடந்தது. மேலே ஆள் உட்கார்ந்தால் மூடி அழுந்தும். மூடி அழுந்தினால் கவ்வி அழுந்தும். நடுவர் அதை இறுக்கினார். பஞ்சு சாவியைத் திருகினார். ஆள் யாரும் உட்காராமலேயே எஞ்சின் முழங்கியது.

"மேல எல்லாம் கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க. இந்த மூடியை ஒரு தடவைகூடத் திறந்து பாக்கலியா?"

"அங்க யாரு பாக்கப் போறாங்கன்னு..." என்று இழுத்தார் பஞ்சு.

பரிசு வேறொரு வண்டிக்குப் போயிற்று. ஆனால் தன் எஞ்சினால் ஓடி வந்த வண்டி என்பதை நடுவர் உறுதி செய்தார், முன்வரிசை நிலைத்தது. மைத்துனர் மட்டும் விடவில்லை: "மாமா, போன வருஷம் நாங்க நாலு பேர் முதுகு ஒடியத் தள்ளினோமே. அக்காவை ஒரு குரல் கூப்பிட்டிருந்தா போதுமே!"

மாலையில் திரும்பும் நேரம், மனைவி பின்னிருக்கைக்குப் போகக் குனிந்தார்.

"எங்க போற?" என்றார் பஞ்சு.

"இனிமே நான் முன்னாடி உக்காராமலே ஸ்டார்ட் ஆகுமே. உங்க சீட்டு நல்லா இருக்கட்டும்."

பஞ்சு கோட்டுப் பையிலிருந்து பஞ்சை எடுத்தார். இருக்கையிலிருந்த துகள்களைப் பார்த்தார். பஞ்சைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மீதி பிஸ்கட் இருக்குல்ல? உக்காரு. எனக்கும் ஒண்ணு குடு."