ரத்தம் எடுக்கும் முன் ஒரு மூச்சு

போன செவ்வாய்க்கிழமை காலை ஓர் ஆஸ்பத்திரி மேனேஜரிடம் கத்திவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் அப்படிக் கத்துவது பிளட் பிரஷருக்கு நல்லதல்ல. ஆனால், விஷயம் அப்படி.

அது புரிய எங்கள் குடும்ப வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். தலைமகனுக்குத் தாத்தா பெயர்தான். பெரியப்பா கைலாசம் தன் பிள்ளைக்கு மகாதேவன் என்று வைத்தார். என் அப்பா கிருஷ்ணன் மட்டும் விடுவாரா? ஆக, திருவனந்தபுரம் கோட்டைக்குள் ஒரே தெருவில் இரண்டு கே. மகாதேவன்கள். பெரியப்பா பிள்ளை பெரிய மகாதேவன் — எனக்கு அண்ணா. நான் இந்த வயதிலும் சின்ன மகாதேவன்.

அண்ணாவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. மாதம் ஒரு முறை ரத்தம் பார்த்துத்தான் டாக்டர் அளவு சொல்வார். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

போன மாதம் அவருடன் நானும் சுகர் பார்க்கப் போனேன். ரத்தம் எடுக்கும் பெண் ஜெபா, பாறசாலைக்காரி. எங்களிடம் மலையாளம் கலந்த தமிழில்தான் பேசுவாள். அவளுக்கு ஒரு பழக்கம். ஒருவர் எழுந்து போனதும் கையுறையைக் கழற்றுவாள். இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் வைப்பாள். கண்ணை மூடி நிதானமாக ஒரு மூச்சு விடுவாள். அப்புறம்தான் அடுத்த ஆள்.

வரிசையில் முப்பது பேர். வெறும் வயிறு, காபி கிடையாது... எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதென்ன, ஆஸ்பத்திரியா, தியான மண்டபமா?" என்றேன்.

"சித்த சும்மா இரேண்டா," என்றார் அண்ணா.

இருந்தேனா? ஃபீட்பேக் பேப்பர் ஒன்றை எடுத்து, காரசாரமாக நாலு வரி எழுதி, பெட்டியில் போட்ட பிறகுதான் மனசு ஆறியது.

"மகாதேவன்" என்று ஜெபா கூப்பிட்டதும் ஓடிப்போய் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் ஊசியைத் தொடவில்லை. அதே மூச்சு. பிறகு சீட்டைப் பார்த்தாள்.

"அப்பா பேரு சொல்லுங்க சார்."

"கிருஷ்ணன்."

"இதுல கைலாசம்னுல்லா இருக்கு. இது உங்களுது இல்ல, கேட்டோ."

அந்த மாத்திரை சாப்பிடாத என் ரத்தம் அண்ணா பெயரில் போயிருந்தால்? மருந்து போதவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டியிருப்பார். அந்தக் கலவரத்தில் பெட்டியில் போட்ட பேப்பர் சுத்தமாக மறந்து போனது.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். ஜெபா கண்ணை மூடவில்லை. கூப்பிடுகிறாள், குத்துகிறாள், அடுத்த ஆள். தலைக்கு மேலே புதிதாக ஒரு பெரிய கடிகாரம்.

"என்னம்மா, அந்த மூச்சு எங்கே?" என்றேன்.

"அதுக்கு மெமோ கிட்டிச்சு சார். ஒரு ஆளுக்கு ரெண்டு மினிட்டுதான். யாரோ கம்ப்ளெயின்ட் எழுதிட்டாங்க."

எதிர் அறைதான் மேனேஜருடையது. கதவில் ஒரு போஸ்டர் — ஊழியர்களுக்கு சனிக்கிழமை தியான வகுப்பு. 'ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே சற்று நில்லுங்கள்.' எப்படி இருக்கிறது கதை? ஏசி ஹாலில் கண்ணை மூடினால் பயிற்சியாம். ஊசி பிடிக்கும் இடத்தில் மூடினால் மெமோவாம். நாம் மட்டும் நின்று நிதானமாகக் காபி ஆற்ற வேண்டும். நமக்கு வேலை செய்கிறவர்கள் மூச்சுகூட விடக் கூடாது. இது என்ன நியாயம்?

உள்ளே போய்க் கத்தினேன். "ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் சார். எந்த முட்டாள் எழுதினான்? காட்டுங்கோ."

மேனேஜர் பதறவில்லை. ஃபைலைத் திறந்து ஒரு பேப்பரை என் பக்கம் திருப்பினார். மணி மணியான கையெழுத்து. கீழே, கே. மகாதேவன்.

"சிஸ்டத்துல ரெண்டு கே. மகாதேவன் உண்டு. இது யாரு எழுதினது சார்?"

அண்ணா தலையில் கட்டிவிடலாமா என்று ஒரு கணம் புத்தி போனது. உங்களிடம் மறைப்பானேன்?

"நான்தான்," என்றேன். "இன்னொரு பேப்பர் கொடுங்கோ."

முதல் வரி எழுதுவதற்குள் எதிரே ஜெபா "மகாதேவன்" என்று கூப்பிட்டாள். அண்ணா போய் உட்கார்ந்தார். கதவு திறந்துதான் இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்...

அப்பா பெயரை அவள் கேட்கவில்லை.