சூலத்தைச் சுமந்த நடை

என் காரில் ஒரு முப்பது மீட்டர் டேப் கிடக்கிறது. திரைச்சீலைக் கடைக்காரிக்கு அத்தனை நீளம் எதற்கு? இருபத்தொன்றாவது மீட்டரில் ஒரு நீல மைக்கோடு. தூக்கிப் போட நினைப்பேன். திரும்ப உள்ளேயே வைத்துவிடுவேன்.

என் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் திரைச்சீலை தைத்துக் கொடுத்த அண்ணன், போருக்குத் தப்பி வன்னியிலிருந்து வந்தவர். அவர் ஊர் வைரவர் கோயிலில் விக்கிரகம் கிடையாது. கல்லில் நட்ட ஓர் இரும்புச் சூலம், அதற்கு வடை மாலை. ஷெல் விழுந்து கோயில் மண்மேடானது. ஊர் வெளியேறிய அன்று, இடிபாட்டிலிருந்து சூலத்தைக் கல்லோடு தூக்கிப்போய்ப் புதைத்தவர் இவர். கிணற்றிலிருந்து வடக்கே நாற்பது காலடி. எண்ணி வைத்திருந்தார்.

ஊர் திரும்பியவர்கள் கோயிலை மறுபடி கட்டினார்கள். நாற்பது காலடி நடந்து தோண்டினார்கள். ஒன்றுமில்லை. புதைக்கவே இல்லை, விட்டுவிட்டு ஓடிப்போனவன் கதை விடுகிறான் என்று பேச்சு. ஒரு காலையில் அவர் மச்சான் ஊரிலிருந்து அழைத்தார். "பத்து மணிக்குப் பீடத்துக்குக் கொங்கிறீற் போடுறாங்கள். இல்லையெண்டா புதுச் சூலம்தான், மச்சான்."

அண்ணனுக்குத் தையல் ஓடவில்லை. கடைக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சட்டென்று நின்றார்.

"அக்கா, அவங்கள் வெறுங்கையோட நடந்திருப்பாங்கள். அண்டைக்கு என்ர தோளில சூலம் இருந்தது."

என் காரில் வீட்டுக்கு வாங்கிய பத்துக் கிலோ அரிசி மூட்டை இருந்தது. தோளில் ஏற்றிப் பார்த்தார். "காணாது. இன்னொண்டு வேணும்." மளிகைக் கடையில் இன்னொன்று வாங்கினேன், பக்கத்து ஹார்ட்வேரில் இந்த டேப்பும். இரண்டு மூட்டையையும் சுமந்து நடந்தார், காலடி குறுகியது.

"என்ன பாஸ், அரிசிய வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார் காவலாளி. யாரும் சிரிக்கவில்லை.

நாற்பது காலடி, வெறுங்கையோடு இருபத்தெட்டு மீட்டர். சுமையோடு இருபத்தொன்று. கோடு போட்டேன். போனில் மச்சானிடம் சொன்னேன். மண்வெட்டிச் சத்தம், மூச்சிரைப்பு, யாரோ திட்டுவது எல்லாம் கேட்டன. அண்ணன் மூட்டைகளோடு வெயிலில் நின்றார்.

"கொஞ்சம் உக்காருங்கண்ணே."

அவர் அசையவில்லை. பிறகு போனில், இரும்பில் இரும்பு மோதிய ஒலி.

"அக்கா, இனி இறக்கவோ?" என்றார், என்னிடம் அனுமதி கேட்பவரைப்போல.

இப்போது அவர் வேறெங்கோ ஒரு குளிர்நாட்டில் தைக்கிறார். பூச்சோங்கில் நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்து முனியாண்டி கோயில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அங்கே யாரும் குண்டு போடவில்லை. தோட்டத்தை விற்றார்கள், லோரியில் சாமான் ஏற்றினோம், வந்துவிட்டோம். சாமியை யார் எடுத்தார்கள் என்று நான் கேட்டதுகூட இல்லை. அந்தப் பக்கம் ஜன்னல் அளக்கப் போகும்போது சின்ன டேப்தான் எடுத்துப் போகிறேன். பெரியது காரிலேயே கிடக்கிறது. எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்று தெரியவில்லை.