ஜான்சியும் நியூட்ரலுக்குப் போகும் காரும்

கேம்ப் ரோட்டிலிருந்து அகரம்தென் போகிற சாலையில் ஜான்சியின் பட்டறை இருக்கிறது. வண்டிகளின் மின்சார வேலை அவளுடையது. இன்ஜினும் கியர்பாக்ஸும் அவள் கணவனின் தம்பி மோகன்ராஜின் பொறுப்பு. வண்டி கொண்டுவருகிறவர்கள் அவளிடம் முதலில் அலுத்துக்கொள்வது அவள் கேட்கும் கேள்விகளுக்காகத்தான். அப்போது ஏசி ஓடியதா, மழையா வெயிலா, மேட்டில் ஏறும்போதா இறங்கும்போதா, காலையிலா வேலை முடிந்து வரும்போதா? "வண்டியப் பாரும்மான்னா என்னியப் போட்டு விசாரிக்கிற" என்று ஆட்டோக்காரர்கள் சிரிப்பார்கள். வண்டி பட்டறைக்குள் வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும், அது வெளியே என்ன செய்தது என்று ஓட்டினவருக்குத்தான் தெரியும் என்பது அவள் கணக்கு.

குரோம்பேட்டையில் ஒரு டைனமோ கடையில் செம்புக் கம்பிக் காயில் சுற்றத் தொடங்கியவள் அவள். பிறகு ஆட்டோக்களின் செல்ஃப்-ஸ்டார்ட் மோட்டார், அதன்பின் கார். கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் கார்கள் வர ஆரம்பித்தபோது, பழைய இரும்புக் கடையில் அவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை வாங்கி வந்து சமையல் மேடையில் பிரித்துப் போட்டாள். எந்த வயரில் என்ன வருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தாள். யாரும் கேட்டுச் செய்யவில்லை. தெரியாத ஒன்று வீட்டில் கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

போன வெள்ளிக்கிழமை பிளஸ்ஸி தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தாள். பல் டாக்டர். பல வருஷம் ஆசைப்பட்டுப் பழைய கார் சந்தையில் வாங்கிய, இரண்டே இருக்கை உள்ள வண்டி. திடீர் திடீரென்று கியர் விழுந்து நியூட்ரலுக்குப் போய்விடுகிறது. கடைசியாகப் பெருங்களத்தூரில், பின்னால் பஸ் முட்டுகிற மாதிரி வந்து நின்றிருக்கிறது.

"எங்க அண்ணன் டெனிஸ் இத வாங்க ஆள் பிடிச்சிட்டான்க்கா. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் வந்து பாக்குறாங்க. அதுக்குள்ள சரியாகலன்னா குடுத்துடறேன்னு நானே வாய விட்டுட்டேன்."

"இதுக்கு முன்னாடி யாரு யாரு பாத்தாங்க?"

"நிறைய பேர். எல்லாருமே பேட்டரி வயரைக் கழட்டி, கொஞ்ச நேரம் விட்டு மாட்டுவாங்க. கம்ப்யூட்டர் ரீசெட் ஆகுமாம். ஒரு வாரம் நல்லா ஓடும். அப்புறம் பழையபடி."

மோகன்ராஜ் ஏற்கெனவே ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்திருந்தான். "ரீசெட் பண்ணியும் வருதுன்னா கோளாறு உள்ளதான் கீது அண்ணி. கியர்பாக்ஸ எறக்கிடலாம்."

"எறக்கி உள்ள ஒண்ணும் இல்லன்னா?"

"திரும்ப ஏத்திடலாம்."

"பல்லு வலிக்குதுன்னு வந்தா தாடையவே கழட்டுற மாதிரி பேசுறாரே" என்றாள் பிளஸ்ஸி.

பேட்டரியை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று ஜான்சி சொல்லிவிட்டாள். அந்த வயதுக் காரில் வயரைக் கழற்றினால் பதிந்திருக்கும் கோளாறுக் குறிப்புகள் அழிந்துபோகும். அவள் தன் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாள். மின்னழுத்தம் குறைந்தது என்று ஒரே ஒரு குறிப்பு இருந்தது. பேட்டரியோ புதிது, மீட்டரில் நல்ல அளவே காட்டியது.

அதனால் விசாரணை தொடங்கியது. எங்கெங்கே நின்றது? சிக்னலில், நெரிசலில். ஓடும்போது? இல்லை. காலையில்? இல்லவே இல்லை. சாயங்காலம், ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டிருக்கும்போது. ஸ்டார்ட் செய்வதில் ஏதாவது தொல்லை?

"இல்லக்கா. எப்பவாவது வண்டி சூடா இருந்தா சாவி திருப்புறப்போ ஒண்ணும் ஆகாது. திரும்பத் திருப்பினா எடுத்துடும். அது பழைய வண்டிக்கு சகஜம்தானே?"

ஜான்சி தலையை நிமிர்த்தினாள். "இத யார்கிட்டயும் சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலயே."

இந்த வகைக் காரில் ஒரு சிறு மோட்டார் எண்ணெயை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தம்தான் கிளட்சை மிதிக்கிறது, கியரைத் தள்ளுகிறது. மோட்டார் கிளம்பும் நொடியில் கரண்டை மொத்தமாக இழுக்கும். ஓடும் இன்ஜின் அதைக் கொடுத்துவிடும். சிக்னலில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பேட்டரிதான் கைகொடுக்க வேண்டும். பேட்டரி நன்றாக இருந்தும், சூட்டில் ஸ்டார்ட்டுக்கும் சரி கியருக்கும் சரி, கை கொடுக்கவில்லை என்றால், நடுவில் யாரோ கையைத் தட்டிவிடுகிறார்கள்.

ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பிளஸ்ஸியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேளச்சேரி சாலையின் மாலை நெரிசலில் போய் வந்தார்கள். போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி கேம்ப் ரோடு சிக்னலில் நிற்கும்போது, கியர் எண் காட்டும் இடத்தில் N என்ற எழுத்து மின்னியது. பின்னால் ஹாரன்கள் கத்தின. பிளஸ்ஸிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஜான்சிக்கோ கண் பளபளத்தது.

"சூப்பர்! இன்ஜின ஆஃப் பண்ணாதீங்க. மறுபடி கியர் போடுங்க, நேரா பட்டறைக்கு."

சூடு ஆறுவதற்குள், பின்னால் இன்ஜின் ஓட, பேட்டரி இருக்கும் முன்பக்க டிக்கியைத் திறந்தாள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழில் வைத்தாள், இன்னொரு முனையை அதைப் பிடித்திருக்கும் கவ்வியில். ஒட்டியிருக்கும் இரண்டுக்கும் நடுவே எதுவும் காட்டக்கூடாது. பிளஸ்ஸி கியரை மாற்ற மாற்ற, மீட்டரில் எண் எகிறி எகிறி விழுந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கவ்வியைக் கையால் திருப்பினாள். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கவ்வி மட்டும் சுற்றியது.

போல்ட்டைத் தளர்த்தியதும் உள்ளேயிருந்து, கூல்டிரிங்க்ஸ் டப்பாவில் வெட்டிய, கறுத்துப்போன தகரத் துண்டு ஒன்று விழுந்தது. ஜான்சி வாய்விட்டுச் சிரித்தாள். கவ்வி லூசாக இருந்தால் தகரத்தை மடித்துச் செருகுவது இந்தப் பக்கத்துப் பட்டறைகளின் வழக்கம். அவளே எத்தனையோ ஆட்டோக்களுக்குச் செருகியிருக்கிறாள். ஆட்டோவுக்கு அது போதும், இந்த மோட்டார் இழுக்கும் கரண்டுக்குப் போதாது.

"ரீசெட் பண்ண ஒவ்வொருத்தரும் இத எடுத்து, திருப்பி பத்திரமா வெச்சிருக்காங்க பாரு மோகன்."

"பின்ன, எவனோ செருகி வெச்சத நாம ஏன் தூக்கிப் போடணும்னு நெனச்சிருப்பான்" என்றான் மோகன்ராஜ்.

"எடுத்து வைக்கும்போது அழுக்கு கொஞ்சம் உரசிப் போகும். அதான் ஒரு வாரம் ஓடியிருக்கு. கம்ப்யூட்டர் ரீசெட் ஆனதால இல்ல."

"அப்போ புதுசு போட்டா முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டாள் பிளஸ்ஸி.

"இன்னும் இல்ல." வந்து வந்து போகிற கோளாறு போய்விட்டது என்று சொல்ல, அதை வேண்டும்போது வரவழைக்கத் தெரிய வேண்டும். தகரத்தைத் திரும்பச் செருகினாள். ஏசி, விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் போட்டு இன்ஜினை ஓடவிட்டாள். கவ்வி சூடேறும்வரை காத்திருந்து கியர் மாற்றச் சொன்னாள். N மின்னியது. ஆறவிட்டு, சூடேற்றி, மறுபடி மாற்றச் சொன்னாள். மறுபடி மின்னியது. பிறகு புதுக் கவ்வியை மாட்டி அதே சூட்டில், அதே சுமையில் பிளஸ்ஸியைச் சலிக்கச் சலிக்கக் கியர் மாற்ற வைத்தாள். மோகன்ராஜ் ஜாக்கியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி அசரவில்லை.

"ஆனா அக்கா, முதல் தடவை நின்னுச்சே, அப்போ தகரமே இல்லாம இருந்திருக்கலாமே? அதுக்கப்புறம்தானே ஆளாளுக்குக் கழட்டினாங்க?"

ஜான்சி யோசித்தாள். நல்ல கேள்வி. கழற்றிக் கழற்றி மாட்டியதில்தான் கவ்வியே அகன்றிருக்கும். அதற்கு முன்னால் வந்தது வேறு ஏதாவதாக இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம்.

"அது தெரியல. தெரிஞ்சா மாதிரி சொல்ல மாட்டேன். இப்ப வந்துகினு இருந்தது இதுதான், அத நானும் நீங்களும் கண்ணால பாத்தோம். வேற ஏதாவது இருந்தா அது தனியா வரும். வந்தா பேட்டரியத் தொடாம, நேரா எங்கிட்ட கொண்டாங்க."

பிளஸ்ஸி ஏசியையும் விளக்கையும் அணைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"டெனிஸ், அந்த ஆள வரவேணாம்னு சொல்லிடு... இல்லடா, சரியாயிடுச்சுன்னு அக்கா முழுசா சொல்லல. தெரியாதத தெரியாதுன்னு சொல்றாங்க. எனக்கு அது போதும்."