மறந்து வைக்கும் கிளாஸ்

அந்த கிளப்பில் அவரை எல்லாரும் 'துளி' என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி வாழ்க்கையை பார் கவுண்டருக்குப் பின்னால் கழித்த மனிதர், ஆனால் எந்தக் கிளாஸிலிருந்தும் ஒரு துளிக்கு மேல் நாக்கில் வைத்ததில்லை. வைத்ததையும் சிங்க்கில் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, மீசையைத் துடைத்துக்கொண்டே, "பீப்பா மர வாசம் ஜாஸ்தி சார், இது வேண்டாம்" என்பார். அதற்கு மேல் அந்த பாட்டிலுக்காக யாரும் வாதாடுவதில்லை.

அவருக்குப் பெண் பார்த்தபோதே இந்த வேலையால் ஒரு கூத்து நடந்தது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, கூட வந்த சித்தப்பா பட்டும்படாமலும், "கிளப்ல போர்பன் எல்லாம் செலக்ட் பண்றாரு" என்று சொல்லிவைத்தார். பெண்ணின் தம்பி அப்போது பள்ளிக்கூடம் போகிற பையன். "அப்ப வரும்போது ரெண்டு பாக்கெட் கொண்டுவாங்க மாமா, க்ரீம் வச்சது" என்றான். அவனுக்குத் தெரிந்த போர்பன் பிஸ்கட்தான். கல்யாணம் ஆன பிறகும் பல நாள் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

அவர் தேர்ந்தெடுத்த போர்பனோ விஸ்கி. சோளத்தில் காய்ச்சி, உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடத்தி வைப்பது. கிளப்பில் விலை உயர்ந்த பாட்டில்கள் மேல் அலமாரியில் இருக்கும், பிறந்தநாளுக்கும் பதவி உயர்வுக்கும் இறங்கும். மற்ற நாட்களில் உறுப்பினர்கள் பெயரெல்லாம் சொல்ல மாட்டார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டபடியே, "போர்பன்" என்பார்கள். அப்போது ஊற்றுகிற பாட்டில் ஒன்று உண்டு. தினத்துக்கான பாட்டில். அது எது என்பதை வருஷத்துக்கு ஒரு முறை கமிட்டி ருசி பார்த்து முடிவு செய்யும். பாட்டில்களைக் காகிதப் பைக்குள் மறைத்து, எண் போட்டு ஊற்றித் தருவது துளியின் வேலை. எந்த எண் எந்த பாட்டில் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இதில் அவருக்கென்று ஒரு சோதனை இருந்தது. நேராக ஊற்றிக் குடித்துப் பார்ப்பதை அவர் நம்பமாட்டார். "முதல் வாயில எல்லாமே மாப்பிள்ளைதான்" என்பார். ஒவ்வொன்றிலும் ஒரு கிளாஸ் ஊற்றி, ஐஸ் போட்டு, அப்படியே விட்டுவிடுவார். ஐஸ் முழுக்கக் கரைந்த பிறகு ருசி பார்க்கச் சொல்வார். தினமும் வருகிறவர்கள் குடிப்பதற்கா வருகிறார்கள்? பேச வருகிறார்கள், சீட்டு ஆட வருகிறார்கள். கிளாஸை மறந்து வைத்துவிடுவார்கள். மறந்து வைத்த கிளாஸை மறுபடி எடுக்கும்போதும் அது போர்பனாக இருக்க வேண்டும்.

ஜன்னலோரம் உட்காரும் பெரியவர் ஒருவர் இருந்தார். மனைவி போன பிறகு கிளப்புக்கு வர ஆரம்பித்தவர். சாயங்காலம் ஒரே ஒரு கிளாஸ். அதை வைத்துக்கொண்டு விளக்குப் போடும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி வாய் வருவதற்குள் அது தண்ணீரோடு தண்ணீராகி நிற்கும். அதையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். துளி யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் தினத்துக்கான பாட்டிலைத் தேடும்போது அவர் மனதில் வைத்துக்கொள்வது அந்தக் கடைசி வாயைத்தான்.

அந்த வருஷம் மூன்று பாட்டில்கள் போட்டிக்கு வந்தன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த 'கப்பல்', அடி பெருத்த 'குண்டன்', புதிதாக வந்த 'பச்சை மூடி'. எல்லாம் பார் பையன்கள் வைத்த பெயர்கள். பச்சை மூடியை எடுத்து வந்த விற்பனைப் பிரதிநிதி வேறு யாருமில்லை, அன்று பிஸ்கட் கேட்ட அதே மச்சான்தான்.

மச்சானுக்கு எந்த வேலையும் நிலைத்ததில்லை. இதில்தான் கொஞ்சம் காலூன்றியிருந்தான். இப்போது அவன் கம்பெனி மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்த கிளப் கிடைத்தால் இரு, இல்லாவிட்டால் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பு.

அன்று காலை துளி சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"நான் உங்களை எதுவும் பண்ணச் சொல்லல."

"சரி."

"தூக்கி விடுங்கன்னு கேக்கல. பேசாம இருங்க. அது போதும்."

"நான் எப்பவும் பேசாமதானே இருக்கேன்."

"ஆமா, பேச வேண்டிய எடத்துல எல்லாம்" என்று சொல்லிவிட்டு, அவர் சட்டையில் மாற்றிப் போட்டிருந்த பொத்தானைச் சரிசெய்தாள்.

மதியம் கிளப்பில் யாருமில்லை. துளி வழக்கம்போல ஐஸ் கிளாஸ்கள் மூன்றையும் முதலிலேயே ஊற்றி, கவுண்டருக்குக் கீழே வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினார். கொஞ்ச நேரத்தில் கமிட்டித் தலைவர் போன் செய்தார்.

"யோவ் துளி, இன்னைக்கு அந்த ஐஸ் கச்சேரியெல்லாம் வேண்டாம்யா. பின்னாடியே வேற மீட்டிங் இருக்கு. நேரா ஊத்து, நேரா முடிப்போம்."

"சரிங்க சார்."

போனை வைத்த பிறகு அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஐஸ் கரைந்துகொண்டிருந்த கிளாஸ்களை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு துளி நாக்கில் வைத்தார். கப்பல் கொஞ்சம் களைத்திருந்தது. குண்டன் அசையவில்லை, கருகிய சர்க்கரை வாசம் அப்படியே இருந்தது. பச்சை மூடியை வைத்ததும் சிங்க்கைப் பார்த்துத் திரும்பினார். நனைந்த அட்டை. போர்பன் வந்துபோன தடம்கூட இல்லை.

துண்டை மறுபடி போட்டு மூடினார். தலைவரே வேண்டாமென்று சொல்லிவிட்டார். இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சமையலறை ஜன்னல் வழியே பார்த்தால் பின்வாசலில் மச்சானின் வேன் நின்றிருந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கமிட்டி மூன்று பேர். தலைவர் ஒரு ஓய்வுபெற்ற இன்ஜினியர். செயலாளர் மருந்துக்கடைக்காரர், கடைசியாகப் பேசியவர் சொன்னதற்குத் தலையாட்டுகிறவர். மூன்றாவது ஒரு பல் டாக்டர் அம்மா, யார் வாயாக இருந்தாலும் திறக்க வைப்பவர்.

மூன்று எண்களையும் ஊற்றி வைத்தார். ஒன்று கப்பல், இரண்டு பச்சை மூடி, மூன்று குண்டன். தலைவர் இரண்டை எடுத்து உறிஞ்சியதுமே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடேங்கப்பா! இதுய்யா போர்பன். வாசனை ஆளைத் தூக்குது."

செயலாளர் தலையாட்டினார். "ஆமா, தூக்குது."

"உங்களை யார் தூக்கறது, கிரேன் வேணும்" என்றார் டாக்டர். ஆனால் அவரும் இரண்டை ஒதுக்கித் தன் பக்கமே வைத்துக்கொண்டார். துளியின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மச்சானாகத்தான் இருக்கும், எடுக்காமல் விட்டார்.

"அப்ப ரெண்டுன்னு முடிச்சிடலாமா?" தலைவர் எழுந்திருக்கப் போனார்.

"இருங்க" என்றார் டாக்டர். "துளி, உங்க ஐஸ் கிளாஸ் எங்க?"

"தலைவர் இன்னைக்கு வேண்டாம்னுட்டாரு டாக்டர்."

"அவர் வேண்டாம்னாரு. நீங்க வச்சீங்களா வைக்கலையா?"

வைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வச்சிருக்கேன்."

"கொண்டுவாங்க. எத்தனை வருஷமா பாக்கறோம், நடுவுல என்ன புதுசா?"

கவுண்டருக்குப் பின்னால் குனிந்து துண்டை எடுத்தார். ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டிருந்தது. கை எட்டும் தூரத்தில் காகிதப் பைக்குள் பச்சை மூடி. அந்த இரண்டாம் கிளாஸில் கொஞ்சம் புதிதாக ஊற்றினால் உயிர் வந்துவிடும். கவுண்டர் மறைக்கிறது, யாருக்கும் தெரியாது. தெரியப்போவது ஜன்னலோரப் பெரியவர் ஒருவருக்குத்தான், அவர் சாயங்காலம்தான் வருவார். அவரும் புகார் சொல்கிற ஆள் இல்லை. ஒரு நாள் கடைசி வாயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போவார், அவ்வளவுதான்.

துளியின் கை பாட்டிலின் கழுத்தைப் பிடித்துவிட்டது. காகிதப் பை கசங்குகிற சத்தம் அவருக்கே பெரிதாகக் கேட்டது.

"என்னய்யா, அங்கயே தூங்கிட்டியா?" என்றார் தலைவர்.

கையை எடுத்தார். மூன்று கிளாஸ்களையும் இருந்தபடியே தட்டில் வைத்துக் கொண்டுபோனார்.

டாக்டர் இரண்டைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது என்ன, பார்சல் அட்டையை ஊறவச்ச மாதிரி?"

தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஐஸ் கரையற வரைக்கும் எவன் வச்சுக் குடிக்கறான்? நான் குடிச்சு முடிச்சிடுவேன். எனக்கு ரெண்டுதான்."

"எனக்கு மூணு. நீங்க?"

செயலாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியாகப் பேசியது டாக்டர்தான், ஆனால் தலைவர் முறைத்துக்கொண்டிருந்ததால் அவருக்குத் தலையாட்டவும் முடியவில்லை. "துளி சொல்லட்டுமே" என்றார்.

துளிக்கு ஓட்டு கிடையாது, யாரும் அவரைக் கேட்டதும் கிடையாது. அன்று மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். போன் மறுபடி அதிர ஆரம்பித்தது.

"சார், ரெண்டாம் நம்பரை விக்கற பையன் என் மச்சான். என் வீட்டுக்காரியோட கூடப்பிறந்த தம்பி. வெளியதான் நிக்கறான். இது போனா அவன் வேலையும் போயிடும். அதனால இதுல என்னைக் கேக்காதீங்க."

தலைவர் கிளாஸைக் கீழே வைத்தார். "அட, முன்னாடியே சொல்லியிருந்தா..." என்று இழுத்தார். முன்னாடியே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை அவர் முடிக்கவில்லை.

டாக்டரின் குரல் தணிந்திருந்தது. "சொல்லிட்டீங்கல்ல, அது ஒரு பக்கம் இருக்கட்டும். தினம் ஊத்தப் போறது நீங்க. உங்க நாக்கு என்ன சொல்லுது?"

பேசாமல் இருப்பதற்கு அதுதான் கடைசி இடம்.

"மூணு" என்றார் துளி.

பின்வாசலுக்கு அவரே போனார். வேறு யாராவது சொல்லி மச்சானுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தார். வேன் கண்ணாடியை இறக்கியவன் அவர் முகத்தைப் பார்த்ததுமே பச்சை மூடி இல்லை என்று புரிந்துகொண்டான்.

"குண்டனா கப்பலா?"

"குண்டன்."

"யாரு சொன்னது?"

"நான்தான்."

மச்சான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"தம்பி பேசினான்."

"ம்."

"பேசாம இருக்க முடியலையா உங்களால?"

"கேட்டாங்க."

"கேட்டா? தெரியலைன்னு சொல்லத் தெரியாதா? ஊர்ல எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க?"

"அது ஐஸ் கரைஞ்சதும் நிக்கல."

"நிக்கல!" அவள் மடித்த துணியை உதறி மறுபடி முதலிலிருந்து மடித்தாள். "எவனோ குடிக்கப் போறான், அவன் வாய் கசக்கக் கூடாது. என் தம்பி எக்கேடு கெட்டா என்ன."

அவரிடம் பதில் இருந்தது. ஜன்னலோரப் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது இவளிடம் சொல்லக்கூடிய பதிலாக அவருக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். தட்டு வரும், தண்ணீர் வரும், வார்த்தை வராது.

மேனேஜர் சொன்னபடியே செய்தார். அடுத்த வாரம் மச்சான் காலையில் கிளப் வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தான். துளி வெளியே வந்ததும், பக்கத்து சீட்டில் கிடந்த மாதிரிப் பாட்டில் பெட்டியை எடுத்துப் பின்னால் போட்டான்.

"வண்டியைத் திருப்பிக் கொடுக்கணும் மாமா. தனியாப் போனா திரும்பி வரும்போது ஒரு மாதிரி இருக்கும். வர்றீங்களா?"

கேட்ட மாத்திரத்தில் ஏறிக்கொண்டார். கிடங்கில் ஒருவன் வண்டியைச் சுற்றிவந்து கீறல் பார்த்தான். மச்சான் சாவியை மேசையில் வைத்தான், அவன் அதை எடுத்து ஆணியில் மாட்டினான். அவ்வளவுதான் வேலை.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. மச்சான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நெஜமாவே அவ்வளவு மோசமா மாமா?"

"முதல் வாய் அருமையா இருந்துச்சு. தலைவர் அசந்துட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இல்ல."

மச்சான் தலையை ஆட்டினான். "இத்தனை நாள் வித்தேன். ஒரு நாள்கூட ஐஸ் போட்டுப் பாத்ததில்ல. மூடியைத் திறந்து மோந்து பாப்பேன், அதோட சரி. எனக்கு இந்த எழவு குமட்டும்."

துளிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மச்சானுக்கும் வந்திருக்க வேண்டும், அவன் அடக்கவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டு, கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். அதன் பிறகு நெடுநேரம் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோது சொன்னான்.

"நான் உங்களைக் கூட்டிட்டுப் போனேன்னு அக்காகிட்ட சொல்லாதீங்க."

"ஏன்டா?"

"சமாதானம் ஆயிட்டோம்னு நினைச்சு உங்ககிட்ட பேச ஆரம்பிச்சிடும். இன்னும் கொஞ்ச நாள் எனக்காக உங்க மேல கோவமா இருக்கட்டும் மாமா. இப்போதைக்கு எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

துளி சரியென்று தலையசைத்தார். அன்று வீட்டில் தட்டு வந்தது, தண்ணீர் வந்தது. மனைவி சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு முடித்தார்.